கூப்பிடு குரல்

மாவட்ட நீதிமன்றத்தில் எனக்கு வேலை
பெயரைச் சொல்லிக் கத்துவது.
மூன்று முறை, வாசலைப் பார்த்து.
இருமல் வந்தாலும் மூன்று முறை.

பத்தொன்பது வருசத்தில்
வரப்புத் தகராறில் மண்டை உடைத்தவன்,
சீட்டுக் கம்பெனி நடத்திக் காணாமல் போனவன்,
ஒரே வழக்கில் மூன்று முருகேசன்கள்,
எல்லோரும் என் தொண்டை வழியாகத்தான்
கூண்டுக்குப் போனார்கள்.

அன்றைக்கு வரிசை எண் பதினான்கு.
நரிமலைப்பட்டி ஜமீன் வழக்கு.
ராஜமான்ய ராஜஸ்ரீ என்று எடுத்து
ஒரே மூச்சில் முடிக்க முடியாத அந்தப் பெயரை
மாசிக் களரியில் மைக்செட்டில் கேட்டு வளர்ந்தவன் நான்.
பரிவட்டம் கட்டி முடிகிறவரை
எங்கள் தோள்துண்டு இடுப்பில் இருக்கும்.

கட்டில் இருந்தது இவ்வளவுதான்:
பாப்புசாமி, வயது ஐம்பத்தெட்டு,
தகப்பனார் கெச்சப்பர்,
எதிரி எண் ஒன்று.

முதல் தடவை வாய் திறந்தேன்.
குரல் தானாகக் குனிந்தது.
நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
இரண்டாவது தடவை நிமிர்த்தினேன்.
மூன்றாவதுக்கு
டீக்கடை வரிசை முழுக்கத் திரும்பியது.
வெறும் பாப்புசாமி.
உடுப்பைக் கழற்றினால்
அந்தப் பெயர் எவ்வளவு சின்னது.

காட்டுப்பன்றி என்று நினைத்துச் சுட்டாராம்.
பன்றி பீடி பற்றவைக்குமா என்றார் அரசு வக்கீல்.
முந்தின நாள் பகலில் ஜீப்பை நிறுத்தி
"யாரு நெலத்துலடா கிடை போட்டுருக்க" என்று
பன்றியிடம்தான் கேட்டாரா என்றும்.
அதற்குப் பிறகு அவருக்குக் கொஞ்சம் வேகம் வந்துவிட்டது,
"தீர்ப்புப் பிசகினதுக்கு
மன்னனே உயிரை விட்ட ஊரு இது, கனம் நீதிபதி அவர்களே..."
"அது அப்ப. சாட்சியக் கூப்பிடுங்க."

கூப்பிட்டேன். செம்புலி. செம்புலி. செம்புலி.
முழங்காலுக்குக் கீழே அரசாங்கம் கொடுத்த கால்.
கூண்டில் நின்றவரைக் கண்டதும்
பழக்கத்தில் கை எழும்பியது.
ஒரு கை கம்பில் இருந்ததால்
கும்பிடு பாதியில் நின்றது.

அதை யாரும் பதிவு செய்யவில்லை.
தட்டச்சு செய்கிற பெண் அப்போது
பேப்பர் மாற்றிக்கொண்டிருந்தாள்.

பத்து மாதம் கழித்துத் தீர்ப்பு. ஏழு வருசம்.
அரண்மனை ஆட்கள் இரண்டு வேன் நிறைய வந்து
வேப்பமரத்து நிழலை முழுக்க எடுத்துக்கொண்டார்கள்.
வாரண்டுப் படிவத்தை ரெஜினா மேடம் நிரப்பினார்.
அங்க அடையாளம்: இடது புருவத்தில் மச்சம்.
"தொழில்?"

அவர் தன் வக்கீலைப் பார்த்தார்.
வக்கீல் ஃபேனைப் பார்த்தார்.
"விவசாயம்னு போடுங்க."
மை தொட்டு ரேகை உருட்டுவதற்காக
மேசைமேல் நீட்டியிருந்த அந்தக் கையை
மேடம் கொஞ்ச நேரம் பார்த்தார்.
பிறகு எழுதினார்: இல்லை.

மத்திய சிறை இருப்பது அரசரடியில்.
அரசமரத்து அடியா, அரசர் அடியா,
டவுன் பஸ்ஸில் போகிற யாரும் யோசிப்பதில்லை.
நானும் அன்றைக்குத்தான்.

கூட்டம் கலைந்த பிறகும் செம்புலி
கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.
பதினோரு வருசமாக
தேதி கேட்காமல் அவன் வீட்டுக்குப் போனதில்லை.
"அடுத்த வாய்தா எப்ப சாமி?"
முடிஞ்சு போச்சுய்யா என்றேன்.
அவன் எழவில்லை.
எதிரி வக்கீலின் குமாஸ்தா
தீர்ப்பு நகலுக்கு மனு எழுதிக்கொண்டிருந்தான்,
ஒத்தக்கடையில் ஹைகோர்ட்டுக்குக் கொண்டுபோக.
அங்கே பெயர் சொல்லிக் கத்துகிறவன்
எந்த ஊர்க்காரனோ.